சுண்ணாம்பு அடித்த பாழ்நகரம்

"அம்பது வருசமா ஆளே இல்லாத நகரமாம். செவுத்துல சுண்ணாம்பு இன்னும் காயவே இல்ல! பேயெல்லாம் சேந்து வெள்ளையடிச்சுதா?"

"மெதுவாப் பேசு நஜ்லா. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்டி. படத்தப் பாத்துப் பயப்படாத சனம் என்னப் பாத்தாவது பயப்படட்டும். ஞாயித்துக்கெழம பிரியாணிய உட்டுப்போட்டு வந்திருக்கேன். எதுக்குடி இதுக்குக் கூட்டியாந்தே?"

இடைவேளைக் கூட்டம் இருவரையும் சுவரோரம் தள்ளியிருந்தது. சந்தனமேரி தேநீரை ஊதிக்கொண்டே இருந்தாள், குடிக்கவில்லை. பாலக்காட்டில் ஒரே பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுக்கிற வேலை இருவருக்கும். நஜ்லா டவுனிலேயே ஜவுளிக்கடைக் குடும்பத்துப் பெண். மேரி விடுதியில் தங்கியிருப்பவள். அவளுக்கு ஊர் சாந்தன்பாறைக்கு மேலே ஓர் ஏலத்தோட்டம். வீடு அங்கே லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில் ஒன்று.

"அது எங்க லயம்டி," என்றாள் மேரி.

"எது?"

"அந்த நகரம்."

படத்தில், சுற்றுலா வந்த ஐந்து பேரின் வேன் மலைப்பாதையில் நின்றுவிடுகிறது. பனிக்குள் நடந்து அவர்கள் போய்ச் சேர்வது, கொள்ளைநோயில் ஒரே இரவில் ஜனம் முழுவதும் செத்துப்போன ஒரு நகரம். படத்தின் முதல் பாதி இவ்வளவுதான். தகரக் கூரைகளுக்குப் பின்னால் கம்ப்யூட்டரில் கோபுரங்கள் வரைந்து எழுப்பியிருந்தார்கள். ஆனால் கோபுரத்துக்குக் கீழே இருந்த நீலக் கதவுகளை மேரிக்குத் தெரியும். அவற்றில் ஒன்றைச் சாத்தும்போது கொஞ்சம் தூக்கிச் சாத்த வேண்டும் என்பதுகூடத் தெரியும்.

"பாதி வீடு காலிதான். அதான் அவங்களுக்குப் புடிச்சுப்போச்சு. ஆளு குடியிருக்கற பாதியும் வேணும்னு கேட்டாங்களாம். சினிமாக்காரங்க வர்றாங்கன்னதும் எங்க பொம்பளைங்க சும்மா இருப்பாங்களா? வெளியாளு வந்து நம்ம அழுக்கப் படம் புடிச்சுட்டுப் போறதான்னு, எல்லாரும் சேந்து லயம் முழுசும் சுண்ணாம்பு அடிச்சுட்டாங்க. ஆளில்லாத வீட்டுக்கும் சேத்து. வாசல்ல கோலம் வேற."

நஜ்லா சுவரில் சாய்ந்து சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். "அல்லாவே! அப்புறம்?"

"டைரக்டர் தலையில கைய வச்சு உக்காந்துட்டாராம். அப்புறம் அவங்க ஆளுங்களே சேத்த வாரி அடிச்சிருக்காங்க. எவ்வளவு அடிச்சாலும் வெள்ள தெரியுது பாத்தியா?" மேரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு குரலைத் தணித்தாள். "அம்மாவும் நடிச்சிருக்குடி. படத்துல அது தூங்குதாம். கண்ண மூடிப் படுங்கம்மா, மூச்ச அடக்குங்கன்னாங்களாம். இழுப்பு இருக்கற ஆளு, இருமாம படுத்தேன்னு நூறு தடவ சொல்லிருச்சு. அந்த சீன வெட்டிட்டாங்களோ என்னவோன்னுதான் உங்கிட்ட முன்னாடியே சொல்லல."

"அட சண்டாளி! இத மொதல்லயே சொல்றதில்ல?" நஜ்லா அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். "நட. அம்மா வரட்டும், நான் விசிலடிக்கிறேன் பாரு."

இரண்டாம் பாதியில் டார்ச் வெளிச்சம் வீடு வீடாக நுழைந்தது. ஒரு நீலக் கதவைக் கதாநாயகன் காலால் உதைத்தான். மேரி நஜ்லாவின் தொடையை அழுத்தினாள். நஜ்லா இரண்டு விரல்களை வாயில் வைத்துக்கொண்டு தயாரானாள்.

அடுப்பு வந்தது. கொடியில் தொங்கிய கொங்காணி வந்தது. மழையில் தோட்டத்துக்குப் போகும்போது தலையிலிருந்து போர்த்திக்கொள்கிற அந்த பிளாஸ்டிக் விரிப்பைப் பார்த்துப் படத்திலிருந்த பெண் வீறிட்டாள். வெளிச்சம் கீழே இறங்கியது.

பாயில் மேரியின் அம்மா சாந்தம்மாள் படுத்திருந்தாள். கிறிஸ்துமஸுக்கு எடுத்த ஜரிகைப் புடவை. படம் பிடிக்க வருகிறார்கள் என்று அவள் முகத்தில் அப்பியிருந்த பவுடரை அவர்கள் துடைக்கவில்லை. அதன்மேல் நீலத்தை மட்டும் ஏற்றியிருந்தார்கள். உதட்டோரம் ஈக்கள் ஊர்ந்தன. அவை நிஜ ஈக்கள் இல்லை என்று எந்தக் குழந்தைக்கும் தெரியும். கதாநாயகன் குனிந்து பார்த்துவிட்டு, செத்துப் பல நாள் ஆகிவிட்டது என்றான்.

விசில் வரவில்லை. நஜ்லாவின் விரல்கள் வாயிலேயே இருந்தன.

"பொணத்துக்கு யாருடா பவுடர் போட்டு உட்டது?" என்று பின்வரிசையில் ஒருவன் கத்தினான். அரங்கம் சிரித்தது. அந்தப் படத்துக்கு அன்று கிடைத்த முதல் ஆரவாரம் அதுதான்.

ஈ பொய், நீலம் பொய், கோபுரம் பொய். ஆனால் அந்த நெஞ்சு அசையாமல் இருந்தது பொய் இல்லை. மூச்சு விடும்மா, விட்டுடும்மா என்று மேரி மனதுக்குள் கெஞ்சினாள். திரையில் சாந்தம்மாள் விடவில்லை. அப்போது கதாநாயகன், சுற்றிப்போக இடமிருந்தும், அவளை ஒரே எட்டில் தாண்டி அடுத்த அறைக்குப் போனான். பின்னாலேயே மற்ற நால்வரும், ஷூ காலோடு, ஒவ்வொருவராகத் தாண்டினார்கள்.

தாண்டினார்கள் என்று அம்மா சொல்லவே இல்லை.

"வெளிய போலாம்," என்றாள் நஜ்லா. அவள்தான் முதலில் எழுந்தாள். மடியிலிருந்த பாப்கார்ன் கொட்டியதை இருவரும் கவனிக்கவில்லை.

வெளியே வெயிலில் கண் கூசியது. இருவரும் பைக் நிறுத்துமிடத்து வேப்பமரத்தடியில் நின்றார்கள். "நான் சிரிச்சேன்ல மேரி... தெரியாமத்தான்..." என்று நஜ்லா தொடங்கினாள். மேரியின் கைபேசி ஒலித்தது. அம்மா.

"எடுக்காத."

"எடுக்கலன்னா அடிச்சுக்கிட்டே இருக்கும். தண்ணித்தொட்டி மேட்டுக்கு ஏறித்தான் கூப்பிடும். அங்கதான் சிக்னல்."

எடுத்தாள். காற்றின் இரைச்சலோடு ஏறிவந்த மூச்சு இழுத்தது. பின்னால் பல பெண்களின் குரல்கள். மேட்டுக்கு அவள் தனியாக வரவில்லை.

"மேரி, பாத்துட்டியா தாயி? நான் வர்றேன்ல? வெட்டலைல்ல?"

"வர்றம்மா."

"வர்றேனாம்!" என்று சாந்தம்மாள் பக்கத்திலிருந்தவர்களிடம் கூவினாள். அங்கே கைத்தட்டல். "நான்தான் சொன்னேன்ல, வெட்ட மாட்டாகன்னு! ஏ, சும்மா இருங்கடி, பேச விடுங்க. மேரி, அடிமாலி தேட்டருக்குப் போக ஜீப்பு பேசியாச்சு. அடுத்த ஞாயிறு லயமே கெளம்புது. ஃபாதர்கிட்டயும் சொல்லிட்டேன், அவரும் வர்றாராம்."

"அம்மா, அந்தப் படம் நல்லாவே இல்லம்மா."

"நல்லா இல்லாட்டி என்ன? நாம என்ன படத்தப் பாக்கவா போறோம்?" சிரித்ததில் இருமல் பிடித்துக்கொண்டது. யாரோ முதுகைத் தட்டுவது கேட்டது. "தூங்குற ஆளுதான தாயி, ரொம்ப நேரம் காட்ட மாட்டாக. கண்ணு அசந்தா போயிரும். அதான் கேக்குறேன். நான் எந்த எடத்துல வர்றேன், எப்பிடி வர்றேன், கொஞ்சம் வெவரமாச் சொல்லு. போனு சத்தத்த இவளுக எல்லாருக்கும் கேக்குற மாதிரி வச்சிருக்கேன். சொல்லு தாயி."