ஆரியா என்றால் இறக்கு

இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள், பிள்ளைகளா. கைத்தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிடுங்கள். ஒரு சொல்லால் உறக்கம் போன ஒருவனுடைய கதை சொல்கிறேன். போனது எப்படித் திரும்பியது என்பதையும் மறைக்காமல் சொல்வேன்.

அவன் பெயர் ரத்னவேல். தூத்துக்குடித் துறைமுகத்தில் பதினைந்து வருடம் பாரம் ஏற்றி இறக்கியவன். ஆறு மாதம் முன்புதான் சிங்கப்பூர் வந்து, ஒரு கப்பல் பட்டறையில் கிரேனுக்குச் சைகை காட்டும் வேலையில் சேர்ந்தான். கிரேன் ஓட்டுபவர் மேலே கூண்டில் இருப்பார். ரத்னவேலின் கைதான் அவருக்குக் கண்.

தூத்துக்குடியில் பாரத்தை ஏற்றச் சொல்ல 'ஆபீஸ்' என்று கத்துவார்கள். இறக்கச் சொல்ல 'ஆரியா'. எந்தக் காலத்துக் கப்பல்காரன் விட்டுப்போன பாஷையோ! இங்கே மலாய்க்காரர்கள் 'முடிந்தது' என்பதற்கு 'ஹாபிஸ்' என்பார்கள். நம்மவர் வாயிலும் அது சரளமாக வரும். ஆபீஸ், ஹாபிஸ்: இரைச்சலில் கேட்கும் காதுக்கு என்ன வித்தியாசம்?

ஒருநாள் மதியம், இரும்புத் தகடு ஒன்று தளத்தில் இறங்கியது. ரஞ்சன் என்ற புதுக்கோட்டைக்காரன் சங்கிலியைக் கழற்றிக்கொண்டிருந்தான். மேற்பார்வையாளர் சுஹைப் தூரத்திலிருந்து, "ஹாபிஸ்! ஹாபிஸ்!" என்று உற்சாகமாகக் கத்தினார். வேலை முடிந்தது, சாப்பிடப் போகலாம் என்றுதான் அர்த்தம். ரத்னவேலின் கை, அவனைக் கேட்காமலே, மேலே சுழன்றது. கூண்டிலிருந்தவர் தூக்கினார்; சங்கிலி விறைத்தது. ரஞ்சனின் இரண்டு விரல்கள் நசுங்கின.

விரல்களை மருத்துவமனையில் காப்பாற்றிவிட்டார்கள். ரத்னவேலின் உடம்போ அந்த நொடியை விட்டு நகரவில்லை. படுத்தால் நெஞ்சு இடித்தது, தாடை இறுகியது. தங்குவிடுதியில் யார் கையிலிருந்தாவது தட்டு விழுந்தால் துள்ளி எழுவான். மூன்று வாரம் கழித்து இரத்த அழுத்தம் பார்த்தார்கள்: நூற்று எழுபதுக்கு நூற்று நான்கு. "பத்து நாளில் மறுபடி பார்ப்போம். குறையவில்லை என்றால் கிரேன் வேலை கிடையாது" என்று மாத்திரை கொடுத்தார் மருத்துவர். வேலை போய்விடும் என்ற பயம் ஒருபக்கம். தூங்காத கண்ணோடு போய் இன்னொருவனை நசுக்கிவிடுவோமோ என்ற பயம் அதைவிடப் பெரிது.

ரஞ்சனுக்கு அவன் கட்டிலின் கீழடுக்கு. ஒரு மன்னிப்புக் கேட்கவும் ரத்னவேலுக்கு இதுவரை வாய் வரவில்லை.

"அண்ணே, நீங்க மேல புரண்டா எனக்குக் கீழ தொட்டில் ஆடுது" என்றான் ரஞ்சன். "ஞாயித்துக்கிழமை தேக்காவுல கட்டு மாத்தப் போறேன். நீங்களும் வாங்க."

சிங்கப்பூரில் நம்மவர் கூடும் தேக்கா பக்கத்தில், வெளிநாட்டு ஊழியர்களுக்கென்று ஞாயிறு பிற்பகலில் திறக்கும் சின்ன மருந்தகம் அது. ஆங் மோ கியோ வட்டாரத்திலிருந்து முனீரா என்ற இளம் தாதி தொண்டுக்கு வருவாள்.

"மூச்ச இழுங்கண்ணே, நாலு எண்ணுங்க. விடறப்ப எட்டு எண்ணுங்க. ஸ்லோவா" என்றாள்.

அவன் பரீட்சை எழுதுகிறவன்போல் எண்ணினான். எண்ண எண்ண நெஞ்சு இன்னும் வேகமாக ஓடியது. இரத்த அழுத்தக் கருவியில் எண் இறங்கவில்லை. முனீரா கைப்பட்டையைக் கழற்றினாள். "ஓகேண்ணே, ஹாபிஸ் லா!" என்றாள் சிங்கப்பூர்ப் பேச்சில்.

நாற்காலி விழுந்தது. ரத்னவேல் எழுந்து நின்றிருந்தான், வலது கை அந்தரத்தில்.

"சிஸ்டர், அந்தச் சொல்ல மட்டும் வேணாம்" என்றான் ரஞ்சன். "அதுலதான் என் விரல் நசுங்குச்சு."

தூக்கிய கையை இடது கையால் பிடித்துக்கொண்டு ரத்னவேல் அழுதான். "மன்னிச்சிருப்பா ரஞ்சா. என் கைதான் பண்ணுச்சு."

"தெரியும்ணே. உங்க கையப் பாத்துக்கிட்டுத்தானே நின்னேன். நீங்க வேணும்னா பண்ணீங்க?"

நடந்ததை ரஞ்சனே முனீராவுக்குச் சொன்னான். அவள் நாற்காலியை நிமிர்த்தி ரத்னவேலை உட்காரவைத்தாள்.

"பாரம் இன்னும் தொங்குதுன்னு உங்க உடம்பு நெனச்சுக்கிட்டு இருக்குண்ணே. யாரும் இறக்கச் சொல்லல. இறக்க உங்க ஊர்ல என்ன சொல்லுவீங்க?"

"ஆரியா."

"டக்குனு சொல்லுவீங்களா?"

"டக்குனு சொன்னா பாரம் விழுந்துரும் சிஸ்டர். தரையத் தொடற வரைக்கும் இழுத்துச் சொல்லணும்."

"அதான்ணே! எண்ண வேணாம். மூச்ச விடறப்ப அதையே சொல்லுங்க. டாக்டர் குடுக்கற மாத்திரையையும் விட்றாதீங்க லா."

இருவரும் பிரியாணிப் பொட்டலங்களோடு ரேஸ்கோர்ஸ் சாலைப் பக்கம் புல்வெளிக்குப் போனார்கள். சுற்றிலும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். ரத்னவேல் புல்லில் மல்லாந்தான். ரஞ்சன் கட்டுப் போட்ட கையை உள்ளங்கை கீழே பார்க்க நீட்டி, மெல்லத் தாழ்த்தினான்.

"ஆரியா... ஏண்ணே, தோளு இன்னும் மேலயே நிக்குது. அதையும் இறக்குங்க. ஆரியா... பல்லக் கடிக்காதீங்க. அங்க என்ன கரும்பா இருக்கு? ஆரியா..."

எந்த ஆரியாவில் பாரம் தரை தொட்டதோ தெரியாது. இரண்டு மணி நேரம் தூங்கினான்.

கண் விழித்தபோது ரஞ்சன் விரல் நக்கிக்கொண்டிருந்தான். "உங்க பிரியாணியும்..." என்று தொடங்கி, அவன் முகத்தைப் பார்த்து, மெதுவாகச் சொன்னான்: "ஹாபிஸ்ணே."

ரத்னவேலின் சுட்டுவிரல் ஒருமுறை துடித்தது. கை எழவில்லை.

எல்லா நாளும் தூக்கம் வந்தது என்று பொய் சொல்லமாட்டேன். சில நாள் வந்தது, சில நாள் பாதியில் போனது. பத்தாம் நாள் கைப்பட்டை இறுகியபோது உதடு அசையாமல் ஆரியா சொன்னான். நூற்று முப்பத்தெட்டுக்கு எண்பத்தாறு. கிரேன் வேலைக்குப் போகலாம் என்று மருத்துவர் கையெழுத்துப் போட்டார். சுஹைப் இப்போது வேலை முடிந்தால் "மக்கான்!" என்றுதான் சாப்பிடக் கூப்பிடுகிறார், பழைய சொல்லை வாயில் எடுப்பதில்லை.

போய் வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டில் தூக்கிய பாரம் எதுவும் அந்தரத்தில் நிற்காமல் மெல்லத் தரை தொடட்டும். வேலைக்குப் போனவர் பத்து விரலோடு திரும்பட்டும். உங்கள் வீட்டுத் தலையணை ஒவ்வொன்றிலும் உறக்கம் தானாக வந்து தலை சாய்க்கட்டும்.