நாற்பது நாள் பொடி

பார்த்திபன் கண் விழித்ததும் முதலில் தேடியது தண்ணீர்ச் சொம்பைத்தான். நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கிடந்தது. உதட்டின் இரண்டு ஓரமும் வெள்ளையாகப் பிசுக்கு காய்ந்திருந்தது. சுரண்டினால் தோலும் சேர்ந்து உரிந்தது. அடுப்படியிலிருந்த சசிகலா பார்த்தும் பார்க்காதவளாகக் காபி ஆற்றினாள்.

“வாயெல்லாம் காஞ்சு பேஜாரா கீது சசி. எங்கப்பாவுக்கு வந்த சுகர்தான் எனக்கும். அவருக்குக் காலையே எடுத்தாங்க இல்ல?”

“அதெல்லாம் ஒண்ணும் இல்லிங்க. ஒடம்புச் சூடு” என்றாள் அவள், கொஞ்சமும் கூசாமல்.

சுகரும் இல்லை, சூடும் இல்லை. களம்பூரில் பஸ் நிற்கிற இடத்தில் எவனோ ஒருவன் விற்ற பொடி. குடியை மறக்கடிக்குமாம். ஆளுக்குத் தெரியாமல் ரசத்தில் கலக்க வேண்டுமாம். நாற்பது நாளில் ஒரு நாள் தவறினாலும் குடி இரண்டு மடங்காகத் திரும்புமாம். பெயரும் கிடையாது, சீட்டும் கிடையாது, வெறும் காகிதப் பொட்டலம். கத்திரிக்காய் வாங்கவே ஒன்பது கேள்வி கேட்கிறவள் இதற்கு ஒரு கேள்வி கேட்கவில்லை. பாவம், கேட்கிற நிலையிலா இருந்தாள்? தெருவில் விழுந்து கிடந்தவனைப் பன்னிரண்டு வருஷமாகத் தூக்கிக்கொண்டு வந்து அலுத்துப் போயிருந்தாள்.

“அதான் ரெண்டு வாரமா சரக்கைத் தொடல” என்றான் பார்த்திபன். “சுகர்ல குடிச்சா காலி. உன்னையும் புள்ளைங்களையும் தெருவுல வுட்டுட்டுப் போயிடுவனோன்னு பயமா கீது.”

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்படியானால் குடியை நிறுத்தியது பொடி இல்லை, பயம். அன்றைக்கே பொட்டலத்தைச் சாக்கடையில் போட்டிருக்க வேண்டும். ஆனால் முப்பத்து மூன்று நாள் ஆகிவிட்டது, இன்னும் ஏழே நாள். இப்போது விட்டால் திரும்பிவிடுமே என்கிற பயம் இவளுக்கு. சாயங்காலம் ரசத்தில் வழக்கம்போலக் கலந்தாள். அவன் இரண்டு கரண்டி கூடவே வாங்கிக் குடித்தான்.

மறுநாள் காலை அவன் நெய்துகொண்டிருந்த தறியில் ஓர் இழை அறுந்தது. அறுந்த பட்டு இழையை முடிய, விரலை நாக்கில் தொட்டு நனைத்துக்கொள்வது அவன் பழக்கம். நாக்கில் ஈரம் இல்லை. இரண்டாவது முறையும் தொட்டுப் பார்த்தான். தறியில் நீளவாக்கில் கட்டியிருந்த பாவு இழைகளின் மேல் அப்படியே சாய்ந்துவிட்டான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவளைக் கட்டிலருகே கூப்பிட்டார். “சுகர் இல்லம்மா. கிட்னி கெட்டுக்கினே வருது. என்னா குடுத்தீங்க? தெரிஞ்சாத்தான் காப்பாத்த முடியும்.”

பார்த்திபன் அரைக்கண் திறந்து படுத்திருந்தான். சொன்னால் அவன் காதில் விழும். சொல்லாவிட்டால் ஆளே இருக்க மாட்டான். சசிகலா இடுப்பில் சொருகியிருந்த பொட்டலத்தை எடுத்து நீட்டினாள்.

“முப்பத்திநாலு நாளா ரசத்துல கலந்தேம்மா” என்றாள்.

பிழைத்துக்கொண்டான். மூன்றாம் நாள், கொஞ்சம் தண்ணீர் கொடுக்கலாம் என்று நர்ஸ் சொன்னதும் சசிகலா டம்ளரோடு ஓடி வந்தாள். வெடித்த உதட்டருகே கொண்டுபோனாள். அவன் வாயை இறுக மூடிக்கொண்டான். அவள் தானே ஒரு வாய் குடித்துக் காட்டிவிட்டு மறுபடி நீட்டினாள். அவன் திறக்கவில்லை.

பக்கத்துக் கட்டிலில் கிடந்த தன் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தவன் சேத்துப்பட்டு வேலு. முந்தின நாள்தான் பழக்கம்.

“அண்ணே, கொஞ்சம் தண்ணி குடு” என்றான் பார்த்திபன்.

“உன் சம்சாரம் வெச்சிகினு நிக்குதேப்பா.”

“அது வாணாம். உன் பாட்டில்லேர்ந்து குடு.”

வேலு ஒருமுறை அவளைப் பார்த்தான். பிறகு எழுந்து வந்து பாட்டிலைத் திறந்து கொடுத்தான். பார்த்திபன் இரண்டு கையாலும் பிடித்து, மூச்சு விடாமல் குடித்தான்.