ஹார்ன் அடித்தவன்

இப்போதெல்லாம் எவனும் தான் யார் என்பதைக் காட்டிக்கொண்டு வருவதில்லை. கௌஸ் முகம்மதுக்கு அதுதான் ஆத்திரம். முன்னெல்லாம் ஒரு ஆள் கடை வாசலில் வந்து நின்றால், வாயைத் திறக்கும் முன்னே உடுப்பையும் செருப்பையும் பார்த்து, இவன் பட்டாணி, இவன் மலையாளத்தான், இவன் அரபி என்று சொல்லிவிடலாம். இப்போது பட்டாணி இங்கிலீஷில் பேசுகிறான். மலையாளத்தான் பிள்ளை பெற்ற உம்மாவிடமே இங்கிலீஷில் சண்டை போடுகிறது. பிலிப்பினோக்காரி அரபியில் திட்டுகிறாள். ஆளுக்கு ஒரு வாய், நேரத்துக்கு ஒரு வாய். இவர்களை நம்பி எப்படி ஒரு டீயைக் கொடுப்பது?

கீழக்கரையில் மூணாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்கு ஸலாம் சொன்னவர் அவர். துபாய்ப் பக்கம் புஜைராவில் காலேஜ் ரோட்டில் கஃப்டீரியா வைத்து முடியெல்லாம் வெளுத்துவிட்டது. கடைக்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தார். நடந்து வருகிறவன் கவுண்டரில் நின்று வாங்கிக்கொண்டு போகவேண்டும். வண்டியில் வந்து ஹார்ன் அடித்தால் டீ வண்டிக்கே போகும். ஆனால் எல்லா ஹார்னுக்கும் போகாது. நம் ஆள் எவனாவது அடித்தால், "ஏண்டா, காலு விழுந்து போச்சா?" என்று உள்ளே இருந்தபடியே கத்துவார். இந்த மண்ணின் அரபி அடித்தால் மட்டும் அவரே தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். கொளுத்துகிற வெயிலாக இருந்தாலும் ஓடுவார். அவர்கள் மண்ணு, அவர்கள் ஹார்னு. நாம் பிழைக்க வந்தவர்கள். இதில் அவருக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. சட்டம் தெளிவாக இருந்தால் போதும்.

அப்படி அவர் ஓடி ஓடி டீ கொடுத்த ஒருவன்தான் பாபிக்கர். பேர் அப்போது தெரியாது. பழைய பெரிய கார், கறுப்புக் கண்ணாடி, இந்த ஊர் அரபிகள் போடுகிற, மடிப்புக் கலையாத வெள்ளைக் கண்டூரா அங்கி. ஆள் நல்ல கறுப்பு. இந்த ஊரில் தலைமுறை தலைமுறையாக இருக்கிற கறுப்பு அரபிகள் உண்டு, அதனால் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. கண்ணாடியைப் பாதி இறக்கி, ஊர்க்காரன் போலவே வார்த்தையை மென்று துப்புவான். இவரும் "ஹலா ஷேக்" என்று குனிந்து டீயை நீட்டுவார். மூணு வருஷமாக இதுதான் நடந்தது.

திடீரென்று ஒரு மாசமாக அந்த வண்டியைக் காணவில்லை. பிறகு ஒருநாள் சாயங்காலம் பரோட்டா மாஸ்டர் ஜெயமணி கல்லை விட்டு இறங்கி வந்து இவர் காதோரம் குனிந்தான்.

"பாய், உங்க ஷேக்கு வந்திருக்காரு பார்த்தீங்களா?"

"எந்த ஷேக்கு? ஹார்ன் சத்தமே கேக்கலையே."

"நடந்து வந்திருக்காரு. வெளி டேபிள்ல, அந்த ஆப்பிரிக்காப் பிள்ளைகளோட."

எட்டிப் பார்த்தார். அவனேதான். கண்டூராவைக் காணோம். சாயம் போன சட்டை போட்டிருந்தான். பக்கத்தில் காலேஜில் படிக்கிற நைஜீரியாப் பெண் இஃபியோமா, கானா நாட்டுப் பையன் யாவ். அந்த இரண்டு பேரும் தினம் வந்து கவுண்டரில் வரிசையில் நின்று வாங்குகிறவர்கள்.

"சூடானியாம் பாய். அவங்க அப்பா இங்க பள்ளிக்கூடத்துல அரபி வாத்தியாரு. மவுத்தாயிட்டாராம். வண்டியை வித்துட்டான்."

"சூடானியா? விசாவுல இருக்கிறவனா?"

"உங்களை மாதிரிதான். என்னை மாதிரிதான்."

கௌஸ் முகம்மதுக்குக் காதெல்லாம் சுட்டது. "படவா! கண்டூராவை மாட்டிக்கிட்டு என்னை வெயில்ல ஓடவிட்டானே!"

"அவன் எங்க பாய் நான் அரபின்னு சொன்னான்? நீங்களா ஓடுனீங்க."

"இல்லைன்னும் சொல்லலையே! நீ போய்க் கல்லைப் பாரு."

ஜெயமணி சிரித்துக்கொண்டே போனான். இவர் கவுண்டரில் இருந்தபடி காதை மட்டும் வெளி மேசையில் வைத்தார். அவர்கள் பேசுவது இங்கிலீஷ். இத்தனை வருஷக் கடையில் அவருக்கு இங்கிலீஷ் பேச வராவிட்டாலும் கேட்டால் முக்கால்வாசி பிடிபடும்.

"இப்பதான் உனக்கு எங்க ஞாபகம் வந்துச்சா?" இஃபியோமா அவனைக் கேட்டுக்கொண்டிருந்தாள். குரலில் சிரிப்பு இருந்தது, முகத்தில் இல்லை. "நாங்க வரிசையில நிக்கிறப்ப நீ கண்ணாடிக்குள்ள உக்காந்து ஹார்ன் அடிப்பே. ஒருநாளாவது முழுசா இறக்கியிருக்கியா?"

"விடு இஃபியோமா. அவன் அப்பா போன நேரம்," என்றான் யாவ்.

"விடறேன். இவன் யாருன்னு சொல்லட்டும், விடறேன். க்ளாஸ்ல இவனை அரபிங்க கறுப்பன்னு ஒதுக்குறாங்க. நாம அரபின்னு ஒதுக்கினோம். நீ என்னை மாதிரி இக்போ பாஷை பேச வேண்டாம்பா, யாவ் மாதிரி ட்வி பேச வேண்டாம். உனக்குன்னு ஒண்ணு இருக்கும்ல, அதைப் பேசு."

பாபிக்கர் டீயையே பார்த்துக்கொண்டு சொன்னான்: "வீட்டுல அப்பாவோட சூடான் அரபி. அதை வெளியில பேசினா ஸ்கூல்ல சிரிப்பாங்க. அதனால இந்த ஊர் அரபியைக் கத்துக்கிட்டேன். சின்ன வயசுல ஒருதடவை சூடானுக்கு, கார்ட்டூம் போனேன். அங்க என் பேச்சைக் கேட்டு வளைகுடாக்காரன் வந்திருக்கான்னு சிரிச்சாங்க. அப்பா இருந்த வரைக்கும் அந்தப் பேச்சுக்கு ஒரு ஆள் இருந்தாரு. இப்ப அதைப் பேச யாரும் இல்லை."

இஃபியோமா தன் தட்டில் இருந்த பரோட்டாவைப் பிய்த்துப் பாதியை அவன் பக்கம் தள்ளினாள்.

மூணு பாஷை பேசுகிறான், ஒண்ணும் சொந்தம் இல்லையாம். கௌஸ் முகம்மதுக்கு அது நல்ல கதையாகப் பட்டது. நம்பத் தோன்றவில்லை.

மறுநாள் அஸர் தொழுகை முடிந்து கடைக்குத் திரும்பினால், அவனும் அந்தப் பெண்ணும் கவுண்டரில் நிற்கிறார்கள். அவன் அரபியில் ஆரம்பித்தான்.

"அரபி பேசாதே," என்றார் இவர் இந்தியில். "அதைப் பேசித்தானே என்னை ஓடவிட்டே?"

அவன் உடனே இந்திக்கு மாறினான். பட்டாணி டிரைவர்கள் பேசுகிற அதே இந்தி. "சாச்சா, பரீட்சை முடிஞ்சா என் காலேஜ் விசா முடிஞ்சிரும். அப்புறம் சூடானுக்குத்தான் போகணும். அங்க சண்டை நடக்குது. எங்க சொந்தக்காரங்களே ஓடிப்போயிட்டாங்க, வீடும் இல்லை. எத்தனையோ கம்பெனி ஏறி இறங்கிட்டேன். உங்க கடையில ஒரு விசா காலியா இருக்குன்னு ஜெயமணி பாய் சொன்னாரு."

இவர் கல் பக்கம் திரும்பி ஒரு முறை முறைத்தார். ஜெயமணி மாவுக்குள் தலையை விட்டுக்கொண்டான்.

விசா காலியாகத்தான் இருந்தது. டீ போட்டுக்கொண்டிருந்த மாயாண்டி முட்டி தேய்ந்து ஊரோடு போய்விட்டான். ஆனால் அந்த விசாவை இவர் மனைவி ஹபீபுன்னிசா தன் தம்பி மகன் ரிபாய்க்கு என்று எப்போதோ முடிவு செய்துவிட்டாள். நேற்றுகூடப் போனில், "என்னங்க, தம்பி கேட்டுக்கிட்டே இருக்காஹ, இவன் இங்க ரோட்டுல பைக்கை முறுக்கிக்கிட்டுத் திரியுறான்," என்று பிடித்த பிடியை விடவில்லை.

"இஞ்சினியருக்குப் படிக்கிறவன் டீ ஆத்துவியா?" என்றார்.

"ஆத்துவேன்."

"நாளைக்கு நல்ல வேலை வந்தா அறுத்துக்கிட்டு ஓடிருவே."

"வந்தா போவேன், சாச்சா. சொல்லிட்டுப் போவேன்."

அந்தப் பதில் இவருக்குப் பிடிக்கவும் இல்லை, பொய் என்று சொல்லவும் முடியவில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்தார். "நீ இவனுக்கு ஜாமீனா?" பாபிக்கர் அதை அவளுக்கு இங்கிலீஷில் சொன்னான்.

"எனக்கு இவனைச் சரியாத் தெரியாது," என்றாள் இஃபியோமா. "நேத்து வரைக்கும் பிடிக்கவும் பிடிக்காது. எனக்குப் போறதுக்கு ஒரு வீடு இருக்கு. இவனுக்கு இல்லை. அதுக்காக வந்தேன்."

"இங்க பொறந்தவன் நான், சாச்சா," என்றான் அவன் மெல்ல. "இந்த ஊர் ஆஸ்பத்திரியிலதான்."

"பொறந்தா? என் மகளும் இங்கதான் பொறந்தா. எங்க ஊருன்னு ஒருநாள் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. நீ சொன்னே, அதான் உன் கோளாறு." துண்டை உதறித் தோளில் போட்டார். "சரி. இன்னைக்கு ஹார்னுக்கு நீ ஓடு. பார்ப்போம்."

உதவி செய்யும் எண்ணத்தில் அப்படிச் சொல்லவில்லை. தான் ஓடிய ஓட்டத்தை அவனும் ஒருநாள் ஓடிப் பார்க்கட்டும் என்றுதான் சொன்னார்.

ஓடினான். முதலில் இரண்டு தடவை டீயைச் சிந்தினான். ஜெயமணி தட்டைப் பிடிக்கிற விதத்தைச் சொல்லிக்கொடுத்தான். அவனோடு க்ளாஸில் படிக்கிற எவனோ ஒருவன் வண்டியில் வந்து ஹார்ன் அடித்தான். அதற்கும் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டு வந்தான். இஃபியோமாவும் யாவும் வெளி மேசையில் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு, படிக்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பொழுது சாய்ந்து, மஃரிப் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பெரிய வெள்ளை வண்டி கடையை ஒட்டி வந்து நின்றது. பழைய வாடிக்கை, நடுவயசு அரபி. கண்ணாடி முழுசாக இறங்கியது. கௌஸ் முகம்மது கவுண்டர் ஓரத்துக்கு நகர்ந்தார். பேச்சு தெளிவாகக் கேட்டது.

பாபிக்கர் ஸலாம் சொன்னதுமே அந்த ஆளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "யா அகூய்," என்றான். தம்பி மாதிரி, தன்னவன் மாதிரி. ஊர் அரபி மடமடவென்று வந்தது. இந்தக் கடையில் நீ என்ன செய்கிறாய், விளையாட்டா, எந்தக் குடும்பம், யார் மகன் என்று கேட்டான்.

இங்கே அதுதான் முதல் கேள்வி. யார் மகன்?

கௌஸ் முகம்மது கவுண்டரில் கையை ஊன்றி எட்டிப் பார்த்தார். இப்போது புளுகுவான், என்னிடம் சும்மா இருந்த மாதிரி இங்கேயும் சும்மா இருந்து சமாளிப்பான் என்று காத்திருந்தார்.

பாபிக்கர் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டான். "உஸ்தாத் ஒஸ்மானோட மகன். சூடான்காரர். பள்ளிக்கூட வாத்தியாரா இருந்தாரு, மவுத்தாயிட்டாரு. நான் இங்க டீ குடுக்கிறவன்."

"ஆ, சூடானி," என்றான் அந்த ஆள். கோபம் இல்லை, வெறுப்பும் இல்லை. கை தானாகக் கண்ணாடியைப் பாதிக்கு ஏற்றியது. அடுத்து வந்த பேச்சு வேறு. "ரஃபீக். ஜீப் சாய். சுகர் மாஃபி. சுரா, சுரா."

டீ கொண்டா, சீனி வேண்டாம், சீக்கிரம். அது அரபி இல்லை. வேலைக்காரனுக்குப் புரியட்டும் என்று அரபியை நறுக்கித் துண்டு துண்டாக்கி வைத்திருக்கிற பேச்சு. கௌஸ் முகம்மதுக்குப் பேசத் தெரிந்த அரபி அது ஒன்றுதான், மற்றதைக் கேட்டால் பிடிபடும். வந்து இறங்கிய நாளிலிருந்து அவரிடம் யாரும் வேறு பேசியதில்லை. அவருக்கு வேறு வரவும் வராது, அதனால் அது அவருக்கு உறுத்தியதும் இல்லை. ஆனால் இவன் ஓர் அரபி வாத்தியார் பெற்ற பிள்ளை. அந்த ஆளை விடச் சுத்தமாகப் பேசக்கூடியவன், இப்போதுதான் பேசியும் காட்டினான்.

பாபிக்கர் மார்போடு இருந்த தட்டை இறக்கினான். பிறகு வாயைத் திறந்தான். "ஸேன், அர்பாப். அனா ஜீப்."

சரி எஜமான், நான் கொண்டாறேன். கௌஸ் முகம்மது தினம் சொல்கிற சொல், அவருடைய இழுப்போடு, அவருடைய குனிவோடு அந்த வாயிலிருந்து வந்தது.

வெளி மேசையில் இஃபியோமா புத்தகத்தைப் படாரென்று மூடினாள். யாவ் தரையைப் பார்த்தான். கௌஸ் முகம்மதுக்குத் தன் பழைய செருப்பை இன்னொருவன் காலில் பார்த்த மாதிரி இருந்தது. அவன் ஓடியதைப் பார்த்துச் சிரிக்கத்தான் காத்திருந்தார். சிரிப்பு வரவில்லை.

சீனி போடாத டீயை அவரே ஊற்றினார். தட்டை அவன் கையில் கொடுக்காமல் தானே எடுத்துக்கொண்டு போய், வண்டிக்குள் நீட்டிவிட்டு வந்தார்.

"ஏன் சாச்சா? நான் தப்பா சொல்லிட்டேனா?"

"உன் பாஸ்போர்ட் காப்பியை ஜெயமணிகிட்டக் குடு. பரீட்சை முடியட்டும். பாய் ஒத்துக்கிட்டாருன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியாதே. ஒருமாசம் பார்ப்பேன். சரிப்படலைன்னா கலாஸ், போயிரணும்."

"அப்ப உங்க மச்சான் மகன் ரிபாய்?" என்றான் ஜெயமணி, கல்லில் இருந்தபடி.

"அவன் பைக்கு ஓட்டட்டும். அவனுக்கு ஓட்டுறதுக்கு ஊரு இருக்கு."

பாபிக்கர் ஏதோ நன்றி சொல்ல வந்தான். அரபியில் ஆரம்பித்து, இந்திக்கு மாறி, எதில் சொல்வது என்று தெரியாமல் நின்றான். அதைப் பார்த்ததும் இவருக்குப் பழைய எரிச்சல் திரும்பி வந்துவிட்டது. பாரு, நன்றி சொல்வதற்குக்கூட இவனுக்கு ஒரு வாய் இல்லை. இப்படிப்பட்டவனை எப்படி நம்புவது? மூணு வருஷம் கண்ணாடிக்குள் உட்கார்ந்திருந்தவன். நாளைக்கே எவனாவது வண்டி கொடுத்தால் திரும்பவும் உட்காரமாட்டான் என்று என்ன நிச்சயம்?

பாங்கு சொல்லிவிட்டார்கள். துண்டை எடுத்துக்கொண்டு பள்ளிவாசல் பக்கம் நடந்தார். ஹபீபுன்னிசாவுக்கு என்ன பதில் சொல்வது என்று நினைத்தால் தலை வலித்தது. அவன் சொன்னதில் எது நிஜம், எது நடிப்பு என்று இப்போதும் அவருக்குத் தெரியவில்லை. இங்கே பிறந்தானாம், ஊர் இல்லையாம். யாருக்குத் தெரியும்?

பின்னால் கடை வாசலில் ஒரு ஹார்ன் சத்தம் கேட்டது. பழக்க தோஷத்தில் கால் திரும்பப் பார்த்தது. "எவனாவது போங்கடா," என்று முனகிக்கொண்டு, திரும்பாமல் நடந்தார்.