கான்கிரீட்டில் முப்பது துளைகள்

பனிக்காலத்துக்காக, செப்டம்பர் முடியுமுன் வீட்டுப் பின்புற நீச்சல் குளத்தை மூடிவிடுவது மிச்சிகனில் வாழும் ஹார்லனின் வழக்கம். நீலத் தார்ப்பாயை விரித்து, அது நகராதபடி ஓரங்களில் நீர் நிரப்பிய கனத்த நீர்ப்பைகளை வரிசையாகக் கிடத்துவார். இவ்வாண்டோ மகளும் இரண்டு வயதுப் பேத்தியும் பனிக்காலம் முழுதும் தங்க வருகிறார்கள். ஆள் எடையைத் தாங்கும் வலை மூடியே வேண்டும் என்றார் மனைவி டோரீன். அதை இழுத்துக் கட்டக் குளத்தைச் சுற்றியுள்ள கான்கிரீட் தளத்தில் முப்பது துளைகள் இட வேண்டும். அத்தளம் ஹார்லன் தம் கையாலேயே வார்த்தது. இருபது பனிக்காலம் கண்டும் கீறல் விழாதது.

"தார்ப்பாயே போதும். குழந்தைய நான் பாத்துக்கறேன்."

"கார் சாவி எங்கன்னு தெனம் என்னத்தான் கேக்கற. நீ பாத்துக்கப் போறியாக்கும்!"

"தார்ப்பாய் கெட்டி, டோரீன்."

"அப்ப அது மேல ஏறி நில்லேன், பாப்போம்."

ஹார்லன் ஏறவில்லை. தார்ப்பாயை விரித்து, பேத்தியின் எடையே உள்ள பறவைத் தீனி மூட்டை ஒன்றை அதன் நடுவே எறிந்தார். தார்ப்பாய் குழிந்தது, நீர்ப்பைகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன, மூட்டை ஓசையின்றி அமிழ்ந்தது. சிறிது நேரம் குமிழிகள் வந்தன. பின் அவையும் நின்றன.

உள்ளே போய்க் கடைக்குத் தொலைபேசியில் பேசி, வலை மூடியைக் கேட்டார்.

"துளை போட எங்க ஆளுங்க வருவாங்க சார்."

"வேணாம்ப்பா. என் தளத்துல வேற யாரும் கை வைக்க வேணாம். துளை எவ்வளவு ஆழம்னு மட்டும் சொல்லு."