ஆறு வேலி நிலம்

வீடு தேடிப் புறப்பட்டு ஆறு மணி நேரம் கழிந்திருந்தது. தஞ்சைப் பெரிய கோயிலின் கற்கோபுரம் உச்சி வெயிலில் பொன்னெனச் சுடர, அகழியோரத்து வேம்புகள் தம் நிழலைக் காலடியிலேயே சுருட்டிக்கொள்ள, மல்லிகையும் மரிக்கொழுந்தும் மணக்கும் பூக்காரத்தெருவும், மீனும் பழமும் கூவி விற்கும் கீழவாசலும், பலமொழியினர் அடுத்தடுத்து வாழும் மேலவீதியும், வடவாற்றங்கரையில் கண்ணயர்ந்த கரந்தையும் கடந்து, கணவன் நெடுமாறனின் பின்னே சோர்ந்து நடந்தாள் செந்தாமரை. கல்லூரியொன்றில் பயிரியல் கற்பிக்கும் பணி அவளுக்குத் திங்களன்று தொடங்கவிருந்தது. அதற்குள் குடியேற ஒரு வீடு வேண்டும்.

வாயில்தோறும் புன்னகை மலர்ந்தது; மோரும் வந்தது; பின், தேனில் தோய்த்த முள்ளென ஒரு வினா வந்தது: "சொந்த ஊர்ல எந்தத் தெரு?" அவள் விடை சொன்னதும், அயல்நாட்டிலிருக்கும் மகனுக்கு அவ்வீடு திடீரெனத் தேவைப்பட்டுவிடும். ஒரே நாளில் எத்தனை மகன்கள் ஊர் திரும்புகின்றனர் என்று நீவிர் வியக்கலாம், அவள் வியக்கவில்லை.

வடக்குவீதிச் சந்தொன்றில் நெடுமாறன் நின்றான்.

"இங்க நான் பேசுறேன். நீ இளநீக் கடையில நில்லு."

"ஏங்க, நான் வந்தா வீடு கரைஞ்சு போயிடுமா?"

அவன் உள்ளே சென்று, விரைவிலேயே முகமெல்லாம் ஒளியாகத் திரும்பினான். வாடாத இலையையும் புரட்டி அடிப்புறம் பார்க்கும் பழக்கமுடைய செந்தாமரைக்கு அவ்வொளி ஐயத்தையே வளர்த்தது.

"என்ன சொன்னீங்க?"

"வாடகை பேசினேன்."

"வேற?"

"வெயில்ல நிக்காத, வா."

வீட்டுக்காரர் மங்களாம்பிகை திறவுகோலுடன் எதிர்வந்தார். "வாம்மா, தம்பி எல்லாம் சொல்லிச்சு. உன் மாமனார் பெரிய மிராசுதாராமே! மயிலாடுதுறைப் பக்கம் ஆறு வேலி, நாப்பது ஏக்கர் நிலமாம்ல? சொல்லவே வேணாம், முகத்துலயே தெரியுதே!"

அவர் வைத்த திறவுகோல் செந்தாமரையின் உள்ளங்கையில் குளிர்ந்தது. நெடுமாறனின் கண்கள் இறைஞ்சின. பொய் வேய்ந்த கூரையும் மழையைத் தாங்கும். அதை அவள் மறுக்கவில்லை. ஆயினும் தை பிறந்ததும் புத்தரிசி மூட்டையைத் தலையில் சுமந்து, மகன் குடியிருக்கும் வீடென்று மகிழ்ந்து, இதே வாயிலில் வந்து நிற்பாரே மாமனார் காத்தான். அவரை யாரென்று சொல்வது? எவரை உள்ளே அழைக்க இயலாதோ, அவர் பெயரால் பெற்ற வீட்டில் எங்ஙனம் உறங்குவது? கைவிரித்துத் திறவுகோலை நீட்டினாள்.

"அம்மா, அந்த ஆறு வேலியும் மாமா உழுத நிலம்ங்க. அவரோடதில்ல. எங்க வீடு காலனித் தெருவுல."