உறையை வைத்துக்கொண்டவன்

1.

இந்தக் கதை பிறந்த விதம் அப்படியொன்றும் பெருமைக்குரியதல்ல. கடன் வேண்டுமா என்று கேட்டு வங்கியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கடிதத்தைக் கசக்கிப் போட்டுவிட்டு, உறையின் உட்புறத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிச்சத்தில் பிடித்து யாரும் படித்துவிடக் கூடாதென்று உள்ளே நெருக்கமாக நீலக் கோடுகள் அச்சடித்திருந்தார்கள். இதைச் சேகரிப்பவன் ஒருவன் இருந்தால் எப்படியிருக்கும் என்று தோன்றியது. தோன்றாமல் இருந்திருந்தால் எனக்கும் உங்களுக்கும் வேலை மிச்சம்.

2.

"மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் அவன்..." (வேண்டாம். இப்போதே அழ வைக்கப் பார்க்கிறது.)

"மனித மனமும் ஓர் உறைதான், அதன் உள்ளே..." (இதை எழுதிய கைக்கு விலங்கு மாட்ட வேண்டும்.)

அவன் லிஃப்ட் மெக்கானிக். (இது இருக்கட்டும்.)

வீட்டுக்கு வரும் தபாலெல்லாம் முதலில் அவன் கைக்குத்தான் போகும். ஒட்டிய இடங்களை ஆவியில் காட்டிப் பிரித்து, உறையை விரித்து, இஸ்திரி போட்டு, கோப்பில் ஒட்டுவான். உட்புற அச்சின் வடிவத்தைப் பொறுத்துப் புழு, சல்லடை, மீன்செதில் என்று வகைகள் உண்டு. கம்பெனிக்காரர்கள் தங்கள் பெயரையே திரும்பத் திரும்ப அச்சடித்திருந்தால் அதற்குத் 'தற்பெருமை' என்று பெயர். பல் மருத்துவமனையில் வரவேற்பாளராக இருக்கும் மனைவி ஒரேயொரு நிபந்தனைதான் போட்டிருந்தாள்.

"கவரை நீங்களே வச்சுக்கோங்க. உள்ள இருக்கறத மட்டும் மேசையில வச்சிடுங்க."

[இவ்வளவு பொறுமைசாலி உண்டா என்று எனக்கே சந்தேகம். அவளிடமே கேட்டேன். "குடிக்கிறவரைக் கட்டிக்கிட்டு அவதிப்படறவங்க இருக்காங்க. இவரு கவர்தானே பிரிக்கிறாரு" என்றாள்.]

3.

அவளுக்கு ஓர் அக்கா உண்டு. அம்மா இறந்ததை அக்காவுக்குத் தாமதமாகச் சொன்னாள். அக்கா வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அதோடு பேச்சும் நின்றது. ரொம்ப காலம் கழித்து இவள் மன்னிப்புக் கேட்டு எழுதினாள். 'நீ பதில் போடலன்னா புரிஞ்சுக்குவேன், அப்புறம் தொந்தரவு பண்ண மாட்டேன்' என்று முடித்திருந்தாள். அன்றிலிருந்து வேலைவிட்டு வந்ததும், செருப்பைக் கழற்றுவதற்கு முன் மேசையைப் பார்ப்பாள்.

பதில் வந்தது.

(சொந்தக் கடிதம் எதற்கு இந்த மாதிரி உறையில் வருகிறது என்று கேட்பீர்கள். அக்காவுக்குக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை, அங்கிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டாள். ஓட்டையை அடைத்தாயிற்று.)

உள்ளே பச்சையில் அறுகோணங்கள். அவன் அதுவரை பார்த்தேயிராத வகை. முகவரியைக்கூடப் பார்க்காமல், உள்ளிருந்த தாளை விளம்பரங்களோடு சேர்த்துப் பழைய பேப்பர் மூட்டையில் போட்டுவிட்டான். மூட்டையும் போய்விட்டது. பிறகொரு நாள் கோப்பில் ஒட்டுவதற்காக உறையைத் திருப்பினால், முன்பக்கத்தில் அக்காவின் கையெழுத்தில் மனைவியின் பெயர்.

4.

முடிவு அ: உறையை ஒளித்து வைக்கிறான். (அவன் சம்மதிக்கவில்லை. ராத்தூக்கம் போய்விடும் என்கிறான்.)

முடிவு ஆ: அக்காவுக்கே போன் செய்து, "என்ன எழுதியிருந்தீங்கன்னு இன்னொரு தரம் சொல்றீங்களா?" என்கிறான். (அந்த ஒரு தரம் எழுதவே அவள் என்ன பாடுபட்டாளோ.)

முடிவு இ: சமையலறைக்குப் போகிறான்.

"உங்கக்கா பதில் போட்டிருந்தாங்க."

அவள் அடுப்பை அணைத்தாள். "எங்க?"

"கவர்தான் இருக்கு."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். உறையை வாங்கி, தன் பெயரின்மேல் விரலை ஓட்டினாள். எனக்கே பாவமாக இருந்தது.

"ஒரு வரிகூடவா கண்ணுல படல? வான்னு எழுதியிருந்தாளா, வராதேன்னு எழுதியிருந்தாளா?"

5.

எழுதுகிறவன் நான்தானே, நானே சொல்லிவிடலாம். ஆனால் அந்தக் கடிதத்தை நான் எழுதவேயில்லை. பச்சைக்கும் அறுகோணத்துக்கும் மெனக்கெட்டேன். தாளில் ஒரு சொல்லும் இல்லாமலேயே அதை மூட்டைக்குள் போட வைத்தேன். அவனாவது தெரியாமல் செய்தான்.

அவள் அவனைக் கேட்கிறாள். அவன் என்னைப் பார்க்கிறான். உங்களிடம் தாள் இருந்தால் எழுதுங்கள். எதை எழுதினாலும் அவள் அதை நம்பிவிடுவாள், அதனால் கொஞ்சம் பார்த்து எழுதுங்கள்.