தரையிலிருந்து கூரை வரை

தொப்பியை எடுக்கச் சொன்னார்கள். ஜோயா எடுக்கவில்லை. அப்பாவின் வலது காதை மூடும்படி அதை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டாள்.

"குளிப்பாட்டப் போறாங்க பேட்டா, தொப்பி எதுக்கு?" என்றாள் அம்மி. விடியற்காலையிலிருந்து அழுததில் அம்மா நசீமுன்னிசாவின் குரல் கம்மியிருந்தது.

"இருக்கட்டும் அம்மி. ஃபேன் காத்து நேரா படுது."

போய்ச் சேர்ந்தவருக்குக் காற்று பட்டால் என்ன, படாவிட்டால் என்ன? சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. நல்லவேளை, கூடத்திலிருந்த பெண்கள் அதைத் துருவவில்லை. ஒரே பெண், செல்லமாக வளர்ந்தவள், அப்பாவுக்குக் குளிரும் என்று பார்க்கிறாள் என்று சொல்லி மூக்கைச் சிந்தினார்கள். தொப்பிக்குள், காதுக்கு மேலே, நரைத்த முடிக்கு அடியில் கொட்டைப்பாக்கு அளவு வீக்கம் ஒன்று இருந்தது. 

மசூதியிலிருந்து பலகை வந்து இறங்கியது. பின்பக்கம் போர்வை கட்டி மறைத்து, அண்டாவில் வெந்நீர் விளாவிக்கொண்டிருந்தார்கள். குளிப்பாட்டப் போகிறவர் மக்பூல் அகமது சாச்சா, அப்பாவின் தம்பி. வேறு யாராக இருந்தாலும் ஜோயா இத்தனை பயந்திருக்க மாட்டாள். சாச்சா முப்பது வருஷமாகத் தோல் கம்பெனியில் தரம் பிரிக்கிறவர். ஆட்டுத்தோலை ஒரு தடவு தடவினால் போதும், அந்த ஆடு எந்த இடத்தில் முள்ளில் கிழித்துக்கொண்டது, எங்கே உண்ணி கடித்தது எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். மேலே எத்தனை சாயம் ஏற்றியிருந்தாலும் அந்த விரலை ஏமாற்ற முடியாது. அந்த விரல்தான் இன்னும் கொஞ்ச நேரத்தில் அப்பாவின் தலையைத் தேய்க்கப் போகிறது.

அம்மி எழுந்து போய் சாச்சாவிடம் இன்னொரு கட்டுப் பஞ்சைக் கொடுத்து ஏதோ சொல்லிவிட்டு வந்தாள். ஆட்கள் வந்து அப்பாவைத் தூக்கினார்கள். தொப்பி தலையணையிலேயே தங்கிவிட்டது.

ஜோயா சமையலறை ஜன்னலுக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டாள். தலையில் அடி என்று ஒருவர் வாயைத் திறந்தால் போதும், எல்லாம் நின்றுவிடும். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போவார்கள், அறுப்பார்கள். எப்படிப் பட்டது, எங்கே பட்டது என்று கேட்பார்கள். உன் மகள் கடையில் வைத்த கண்ணாடியில் முட்டிக்கொண்டது என்று அம்மிக்கு யாராவது சொல்லுவார்கள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அவள் ஸ்கேல் வைத்து, படம் வரைந்து, கலர் பார்த்து வைத்துக்கொண்டாள்.

அப்பா வாஹித் பாஷாவின் செருப்புக் கடை ஆம்பூர் பஜாரில் இருபத்தெட்டு வருஷமாக நடக்கிறது. முன்பு ஒரு கல்யாணம் என்றால் ஒரு வேன் ஆள் வரும். நீள பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து காலை நீட்டுவார்கள், டீ வரும், முப்பது டப்பாவைப் பிரித்துப் போட்டால் ஏழு ஜோடி விற்கும். இப்போது வருகிறவர்கள் உட்காருவதே இல்லை. எந்த மாடல் என்பதை வீட்டிலேயே செல்போனில் பார்த்துவிடுகிறார்கள். கடைக்கு வருவது காலில் மாட்டிப் பார்ப்பதற்கும், போட்டோ எடுத்து நாலு பேருக்கு அனுப்பி, நன்றாயிருக்கிறது என்று பதில் வரும்வரை நிற்பதற்கும்தான்.

வேலூரில் கடைகளுக்கு உள்வேலை செய்து கொடுக்கும் கம்பெனியில் ஜோயா டிசைனர். "உக்கார எடம் வேணாம்பா, நின்னு போட்டோ எடுக்கத்தான் எடம் வேணும்," என்றாள். அப்பா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"கால் யாருதோ, அவங்க சொல்றதுதான் அளவு. மாத்திடு," என்றார்.

பெஞ்சு வீட்டு முன்னறைக்கு வந்தது. கடைக்குள் கடைசியில், வாசலைப் பார்த்தபடி இருந்த கல்லா, வாசல் ஓரத்துக்குப் போனது. எடுத்தோம், காசு கொடுத்தோம், போனோம் என்று இருக்கவேண்டும் இல்லையா? அது இருந்த பின்சுவர் முழுக்க, தரையிலிருந்து கூரை வரை, ஒரே கண்ணாடி.

மாட்ட வந்த குடியாத்தம் கோபிநாத் அன்றைக்கே தலையைச் சொறிந்தான். "மேடம், இந்த மாதிரி வெச்சா வழின்னு நெனச்சி யாராவது முட்டிப்பாங்க. முன்னாடி ஒரு பெஞ்சாவது போடுங்க."

"பெஞ்ச் போட்டா ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்ணா," என்று ஜோயா சிரித்தாள்.

அவள் கணக்கு தப்பவில்லை என்பதுதான் கொடுமை. பதினைந்தே நாளில் வாணியம்பாடியிலிருந்துகூட காலேஜ் பெண்கள் வந்தார்கள். அப்பா புதுச் சட்டை தைத்துக்கொண்டார்.

முந்தாநாள், செவ்வாய்க்கிழமை சாயங்காலம், ஜோயாவும் கடையில் இருந்தபோது கல்யாண வீட்டார் ஐந்து பேர் வந்தார்கள். அப்பா வாசலோரக் கல்லாவில், கண்ணாடியைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். இருபத்தெட்டு வருஷமாக ஆட்கள் அவருக்கு எதிரிலிருந்துதான் வந்திருக்கிறார்கள். அன்றைக்கும் எதிரில்தான் தெரிந்தார்கள். எழுந்தார், "வாங்க, வாங்க" என்று கையை நீட்டிக்கொண்டு கண்ணாடியை நோக்கி வேகமாக நடந்தார். கடைசி அடியில் எதிரே வருவது யார் என்று புரிந்து முகத்தைத் திருப்பியிருக்க வேண்டும். காதுக்கு மேலே இடித்தது. பெரிய சத்தம்கூட இல்லை.

கல்யாணப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்பா அவளைவிடப் பலமாகச் சிரித்து, இரண்டு ஜோடி விற்றுவிட்டுத்தான் உட்கார்ந்தார். அவர்கள் போன பிறகு காதுக்கு மேலே உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "அம்மி கிட்ட சொல்லிடாதே. தூங்காம பேஜார் பண்ணுவா," என்றார். கண்ணாடியில் அவர் தலையெண்ணெய் திட்டாக ஒட்டியிருந்தது. ஜோயாதான் துப்பட்டாவால் துடைத்தாள்.

புதன்கிழமை தலைவலி என்றார். ஒரு முறை வாந்தி எடுத்தார். பித்தம் என்று அவரே சொல்லி இஞ்சி டீ குடித்தார். டாக்டரிடம் போகலாம் என்று சொல்ல ஜோயா இரண்டு தரம் வாயெடுத்தாள். போனால் எப்படி அடிபட்டது என்று அம்மி முன்னால் கேட்பார்களே என்று மூடிக்கொண்டாள். இன்றைக்கு விடியற்காலை ஃபஜ்ர் தொழுகைக்கு அவர் எழுந்திருக்கவில்லை. வந்த டாக்டர் சர்க்கரை, பிரஷர் சீட்டுகளைப் பார்த்துவிட்டு, "ஹார்ட்டுதான்மா," என்றார். தலையை அவர் தொடவில்லை.

ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சொம்பு அண்டாவில் இடிக்கும், தண்ணீர் பலகையில் விழும், மறுபடி சொம்பு இடிக்கும். திடீரென்று நின்றது.

ஜோயா சுவரில் காதை வைத்தாள்.   எவ்வளவு நேரம் என்று அவளால் சொல்ல முடியாது. பிறகு தண்ணீர் மறுபடி விழ ஆரம்பித்தது, முன்பைவிட மெதுவாக.

அப்பாவை வெள்ளைத் துணி சுற்றிக் கூடத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். முகம் மட்டும் திறந்திருந்தது. வலது காதுப் பக்கம் பஞ்சு கொஞ்சம் ஜாஸ்தியாக இருந்ததை ஜோயா பார்த்தாள். சட்டைக் கையைக் கீழே இறக்கிவிட்டபடி சாச்சா வந்தார்.

பக்கத்து வீட்டு மனோரமா கேட்டாள். "அண்ணனுக்கு ஒடம்புல இன்னா ஆச்சுங்க பாய்? திடீர்னு இப்டி..."

"மொகம் தெளிவா இருக்கும்மா. மத்தத, கழுவுனவன் வெளிய சொல்லக்கூடாது. எங்கள்ல அது வழக்கம்."

சாச்சாவின் வலது கட்டைவிரல் ஆள்காட்டி விரலைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. தோலில் குறை கண்டுவிட்டால் அவர் அப்படித்தான் செய்வார். அவர் ஜோயாவின் பக்கம் திரும்பினார்.

"சாப்டியா பேட்டா?"

"இல்ல சாச்சா." 

"சாப்டு," என்று சொல்லிவிட்டு வெளியே போனார். மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு அடக்கம் செய்யக் கிளம்பினார்கள்.

மூன்றாம் நாள் காலை துஆ ஓதி முடிந்து, வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். ஜோயாவின் பயம் மட்டும் கிளம்பவில்லை. யார் அம்மியின் காதருகே குனிந்தாலும் அவளும் பக்கத்தில் போய் நின்றாள். அன்றைக்கு மதியம் கடையைத் திறக்கவேண்டும் என்று சாச்சா சொல்லியிருந்தார். கடைக்கு அம்மி வரப்போவதில்லை. இத்தாவில் இருக்கிறவள், நாலு மாதம் பத்து நாள் வாசல் தாண்டமாட்டாள். அது ஒன்றுதான் ஜோயாவுக்கு ஆறுதல், அப்படி நினைப்பதற்கு வெட்கமாகவும் இருந்தது.

அம்மி முன்னறையில் குனிந்து பெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துக்கம் கேட்க வந்த ஆண்கள் மூன்று நாளும் உட்கார்ந்திருந்த பெஞ்சு.

"இத கடைக்கி எடுத்துட்டுப் போ," என்றாள், நிமிராமல்.

"அங்க எதுக்கு அம்மி? இப்ப யாரும் உக்கார்றதில்ல."

"உக்கார வேணாம். கண்ணாடி முன்னால போடு."



"செவ்வாக்கெழம ராத்திரி உங்கப்பாக்கு எண்ண வெச்சிவிடறப்ப வீக்கம் கையில தட்டுச்சி," என்றாள் அம்மி. "எப்டி பட்டுச்சின்னு சொன்னாரு. உங்கிட்ட கேக்கக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாரு. பாவம், கொழந்த பயந்துடுவான்னாரு." துணியை உதறினாள். "வாந்தி எடுத்தப்பவாவது நான் உங்கிட்ட கேட்டிருக்கணும்."

  வெளியே சாச்சா கொண்டுவந்த மினி ஆட்டோ ஹாரன் அடித்தது.

"அந்தப் பக்கம் புடி," என்றாள் அம்மி.

ஆளுக்கு ஒரு முனையாகத் தூக்கினார்கள். தேக்கு, நல்ல கனம். ஜோயா பின்னால் பார்த்துப் பார்த்து நடந்து படி இறங்கினாள். அம்மி நிலைப்படி வரைக்கும் வந்தாள். அதற்கு மேல் அவள் காலை எடுத்து வைக்கவில்லை. தன் முனையை நிலைப்படியின் மேல் மெல்ல இறக்கிவைத்துவிட்டு, கையை அதன்மேல் வைத்தபடியே நின்றாள். பாதி பெஞ்சு வெயிலில் இருந்தது. மறுமுனையை ஜோயா விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.